புள்ளைக்கு கண்ணுக்குழிக்குள்ள கட்டின்னா? மொதல்ல அந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கீழ வைங்க

எங்க அக்கா மவனுக்கு அப்ப ஆறு வயசு. பர்மால பெகு பக்கத்துல கிராமத்துல இருந்தாங்க. ஒரு நாள் காலைல எந்திரிச்சு வந்தவனுக்கு எடது கண்ணு மேல் இமை லேசா உப்பி இருந்துச்சு, கொசு கடிச்சிருக்கும்னு அக்கா வழக்கம் போல கன்னத்துல தனக்கா மரப்பட்டை ஒரச்ச சாந்தைப் பூசி ஸ்கூலுக்கு அனுப்பிட்டா. ரெண்டு நாள் ஆச்சு எறங்கல, கண்கட்டின்னு சொல்லி எங்க அம்மா நாமக்கட்டி ஒரச்சுப் போட்டாங்க, அதுக்கும் எறங்கல, அப்புறம் கடைத்தெரு மருந்துக்கடைக்குப் போயி அஞ்சு நாளைக்கு பொட்டலம் கட்டி வாங்கிட்டு வந்தாங்க. இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், பேரு இல்லாத ஒறை இல்லாத மாத்திரை, ஒரு வெள்ளை ஒரு மஞ்சள் ஒரு குட்டி ரோஸ், எல்லாம் கலந்து வேளைக்கு ஒரு பொட்டலம். மூணாவது நாளே வீக்கம் பாதி வத்திப் போச்சு. வீடே சந்தோசம். மாத்திரை தீந்து ஒரு வாரத்துல வீக்கம் திரும்ப வந்துச்சு, இந்த வாட்டி கண்ணையே முன்னால தள்ளிக்கிட்டு வந்துச்சு.

ரங்கூன் போயி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனா, வந்த ரிப்போர்ட்ல செத்துப் போன செல்லுதான் இருக்கு, ஒண்ணும் சொல்ல முடியலன்னு எழுதியிருந்துச்சு. மிச்சம் இருந்த ரோஸ் மாத்திரைய டாக்டர் கையில வச்சுப் பாத்துட்டு இது ஸ்டீராய்டா இருக்கும், செல்லு செத்தது இதாலதான் இருக்கும்னார். அதனால திரும்ப ஒரு தடவ மயக்கம் குடுத்து, திரும்ப கீறி, திரும்ப காத்திருந்து, அதுக்குள்ள கண்ணு இன்னும் வெளிய வந்து. அந்தப் பத்துப் பன்னெண்டு நாள் இருக்கே, அது யாருக்கும் வரக்கூடாது. அதுக்குத்தான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அஞ்சு மாசம் வார்டுல ஒரு நோட்டுப் புஸ்தகத்தோட ஒக்காந்திருந்த சித்தி, அவ்வளவுதான். டாக்டர் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் வித்தியாசம் வந்தா டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

அவனுக்கு வந்தது லிம்போமாங்குற கேன்சர், மொதல்ல அது என்னன்னு கொஞ்சம். கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல நெறி கட்டுறதுன்னு சொல்லுவோம்ல, அந்த நெறியில இருக்குற வெள்ளையணு வகை தான் லிம்போசைட். அது கட்டுப்பாடு இல்லாம பெருகுனா லிம்போமா. கண்ணுக்குழிக்குள்ள நெறின்னு ஒண்ணு கெடையாது, ஆனா கண்ணீர் சுரப்பிலயும் கண்ணு மேல இருக்குற மெல்லிசு சவ்வுலயும் இந்த லிம்போசைட் இருக்கும், ரத்தத்தோட வந்தும் ஒக்காந்துக்கும். பெரியவங்களுக்கு, அதுவும் அம்பது அறுபது வயசுக்கு மேல, கண்ணுக்குழில வர்ற புத்துக்கட்டில லிம்போமா தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் மெதுவா வளர்ற வகை. பிள்ளைங்களுக்கு அப்படியே தலைகீழ். இது ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா வேகமா வளர்ற வகையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. புர்கிட், லிம்போபிளாஸ்டிக், பெரிய பி செல் வகைன்னு பேரு சொல்லுவாங்க, பி செல்லுங்குறது லிம்போசைட்ல ஒரு வகை. புர்கிட்டுங்குறது டெனிஸ் புர்கிட்னு ஒரு சர்ஜன் உகாண்டால தாடைலயும் கண்ணுகிட்டயும் கட்டியோட வந்த பிள்ளைங்களைப் பாத்து 1958ல எழுதுனது, மனுசனுக்கு வர்ற கட்டிகள்லயே ரொம்ப வேகமா வளர்றதுல ஒண்ணு, ரெண்டு நாளைக்குள்ள ரெட்டிப்பாகக் கூடியது.

இன்னொரு பக்கம், பாக்க அதே மாதிரி இருந்து கேன்சரே இல்லாததும் இருக்கு. லிம்போசைட் சும்மா கூட்டமா சேந்து வீங்குறது, காரணம் தெரியாம கண்ணுக்குழி அழற்சி ஆகுறது, ரோசாய் டார்ஃப்மன்னு ஒரு அபூர்வ நோய், இப்படி. அப்புறம் லிம்போமாவே இல்லாத வேற கேன்சரும் இருக்கு. பிள்ளைங்க கண்ணுக்குழில வர்ற கேன்சர்ல முன்னால நிக்கிறது ராப்டோமயோசார்க்கோமான்னு சதைல வர்றது, நியூரோபிளாஸ்டோமா வயித்துலேருந்து வந்து கண்ணைச் சுத்தி அடிபட்ட மாதிரி கருநீலம் கட்டும், ரத்தப் புத்து கூட கண்ணுக்குழில கட்டியா வந்து நிக்கலாம். இத்தனையையும் வெளிலேருந்து பாத்து யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதனால பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்க, மாமா போன்ல படிச்சாருன்னு யாரும் முடிவு கட்டாதீங்க, பயப்படுத்தவும் வேண்டாம் சமாதானம் சொல்லவும் வேண்டாம்.

சரி வீட்ல எப்படிப் பாக்குறது. பிள்ளைய கீழ ஒக்கார வச்சு நீங்க பின்னால நின்னுக்கிட்டு தலைய லேசா பின்னால சாய்ச்சு மேலேருந்து நெத்தி வழியா கீழ பாருங்க, ரெண்டு கண்ணு முழியும் புருவத்தைத் தாண்டி ஒரே அளவு தெரியணும், ஒண்ணு மட்டும் முன்னால துருத்திக்கிட்டு இருந்தா அது வெறும் இமை வீக்கம் இல்ல, உள்ள இருந்து என்னமோ தள்ளுது. நேரா பாத்தா ஏமாந்துருவோம், நாங்க அப்படித்தான் ஏமாந்தோம். அப்புறம் பழைய போட்டோ, பொறந்த நாள் போட்டோ திருவிழா போட்டோ எதாவது எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, போன்ல ஒரே எடத்துல ஒரே வெளிச்சத்துல தினம் ஒண்ணு எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட அந்த வரிசையக் காட்டுனா அரை மணி நேரம் பேசுற வேல மிச்சம். ஒரு ஒரு கண்ணா கையால பொத்தி தூரத்துல இருக்குற காலண்டர் நம்பரைக் கேளுங்க, சின்னப் புள்ளன்னா நல்ல கண்ணைப் பொத்தும்போது சிணுங்கிக் கையத் தட்டிவிடும், மோசமான கண்ணைப் பொத்துனா பேசாம இருக்கும், அதுவே ஒரு பதில். கீழ் இமைய மெல்ல இழுத்துப் பாருங்க, வெள்ளை முழிக்கு மேல ரோஸ் கலர்ல வழவழன்னு சதை மாதிரி படிஞ்சிருந்தா அதையும் சொல்லணும்.

கண்ணோட நிக்காதீங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு தடவிப் பாருங்க, வயிறு உப்பி இருக்கா, தாடை ஒரு பக்கம் வீங்கி பல்லு ஆடுதா, காரணம் இல்லாம காய்ச்சல் வருதா, ராத்திரி சட்டை நனையுற மாதிரி வேர்க்குதா, எடை கொறையுதா, ஒடம்புல எங்கயாச்சும் அடி படாமலே கன்னிப் போயிருக்கா, வெளிறிப் போயிருக்கா. எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுங்க.

வலி இல்லையே அப்புறம் என்னன்னு நெனைக்காதீங்க. லிம்போமா பெரும்பாலும் வலிக்காது. வலியோட காய்ச்சலோட கண்ணு செவந்து முழிய அசைக்க முடியலன்னா அது பெரும்பாலும் கண்ணுக்குழில சீழ் பிடிக்கிற கிருமித் தொற்று, அதுவும் அன்னைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டிய விசயம் தான், காலைல பாத்துக்கலாம்னு வைக்கக் கூடாது, பார்வை போயிரும். கிருமின்னு சொல்லி ஊசி மருந்து போட்டு ரெண்டு நாள் ஆகியும் எறங்கலன்னா ஸ்கேன் எடுக்கலாமான்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க.

இப்ப முக்கியமான எடம். சதை எடுக்குறதுக்கு முன்னால ஸ்டீராய்டு போகக் கூடாது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், மாத்திரையோ ஊசியோ சிரப்போ. ஏன்னா லிம்போசைட்டைக் கொல்ற மருந்தே ஸ்டீராய்டு தான், பின்னால கீமோவோட அதே பிரெட்னிசோலோனைத்தான் குடுப்பாங்க. முன்னாடியே தனியா போனா கட்டி தற்காலிகமா வத்தும், உள்ள இருக்குற செல்லு செத்துக் கெடக்கும், டெஸ்ட்டுல எந்த வகைன்னு தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு இன்னும் முரட்டுத்தனமா திரும்பும். திருடன் ஓடுனப்புறம் காலடித் தடத்தையும் பெருக்கித் தள்ளுன மாதிரி. அதனால கடைல பொட்டலம் வேண்டாம், சொந்தக்காரங்க வீட்ல மிச்சம் இருக்குற ஆஸ்துமா மாத்திரை வேண்டாம், கண்ணு சொட்டு மருந்துல கூட ஸ்டீராய்டு கலந்தது இருக்கு, பேரைப் படிச்சு காட்டிட்டுப் போடுங்க. ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா வெக்கப்பட்டு மறைக்காதீங்க. எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மாத்திரைன்னு சொல்லுங்க, மிச்சத்தைக் கையோட கொண்டு போங்க. வாரக்கணக்குல குடுத்திருந்தா டாக்டரைக் கேக்காம டக்குனு நிறுத்தவும் கூடாது. கண்ணு நரம்பு நசுங்கி பார்வை மணிக்கணக்குல கொறையுது, இல்ல மூச்சுத் திணறுதுன்னா டாக்டரே யோசிச்சு ஸ்டீராய்டு குடுக்கலாம், அது அவங்க முடிவு, நம்ம கடைக்காரர் முடிவு இல்ல.

எங்க போறது? ரங்கூன்ல கண்ணு ஆஸ்பத்திரி இருக்கு, குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்கு, குழந்தைங்க ஆஸ்பத்திரில ரத்தம் கேன்சர் பாக்குற பிரிவு தனியா இருக்கு. ரெண்டு ஆஸ்பத்திரி டாக்டருங்களும் பேசிக்கணும், அதான் விசயம். கண்ணு டாக்டர் சதை எடுப்பார், ஆனா மருந்து குடுத்துக் கொணமாக்குறது குழந்தைங்க கேன்சர் டாக்டர். கண்ணு ஆஸ்பத்திரிலயே ஒரு மாசம் அலையாதீங்க, குழந்தைங்க பக்கம் எப்ப அனுப்புவீங்கன்னு மொத நாளே கேளுங்க. மண்டலே பக்கம் இருக்குறவங்க அங்க உள்ள குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கிராமத்துலேருந்து வர்றவங்க பர்மிய பாஷை நல்லா பேசுற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. நமக்குச் சந்தைல பேசுற பர்மியம் வரும், வார்டுல பேசுறது வராது. எங்க அக்கா எல்லாத்துக்கும் ஹொக்கே ஹொக்கே, அதாவது ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வெளில வந்து என்னடி சொன்னாங்கன்னு என்னையக் கேப்பா. டாக்டரம்மா, நர்சம்மாவை ஸயாமான்னு தான் கூப்பிடணும், கூச்சப்படாம ஸயாமா இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேட்டா சொல்லத்தான் செய்றாங்க. சதை எடுக்குறதை அத்தாஸான்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தை காதுல விழுந்தா உஷாராயிருங்க.

ஸ்கேன்ல சிடின்னா சீக்கிரம் முடியும், எலும்பு அரிச்சிருக்கான்னு நல்லா காட்டும், எம்ஆர்ஐன்னா கதிர் கெடையாது, சதை, நரம்பு, மூளைப் பக்கம் நல்லா தெரியும், ஆனா நேரம் ஆகும், சின்னப் புள்ளைங்களுக்கு மயக்கம் குடுக்கணும், அதுக்கு வெறும் வயிறா இருக்கணும். பாட்டி ஓரமா கூட்டிப் போயி பிஸ்கட் ஊட்டிட்டாங்கன்னு ஒரு புள்ளைக்கு அன்னைக்கு ஸ்கேனே தள்ளிப் போச்சு, கண்ணால பாத்தேன். லிம்போமா கட்டி பொதுவா முழிய நசுக்காம அதைச் சுத்தி பிசைஞ்ச மாவு அப்புன மாதிரி படிஞ்சிருக்கும், டாக்டர் அதைப் பாத்து ஒரு ஊகம் சொல்லுவார். ஊகம் தான். ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கைக் கையில வாங்கி வச்சுக்கோங்க, பேப்பர் ரிப்போர்ட் மட்டும் பத்தாது.

ரத்த டெஸ்ட்ல மொத்த அணு எண்ணிக்கை, கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்குறது, செல்லு ஒடைஞ்சா ரத்தத்துல ஏறுற எல்டிஹெச், யூரிக் ஆசிட், உப்புகள், கிட்னி, அப்புறம் ஹெச்ஐவி, மஞ்சக்காமாலை பி. ஹெச்ஐவின்னதும் மச்சான் கோவப்பட்டு எந்திரிச்சுட்டார். சந்தேகப்பட்டு கேக்குறது இல்ல, சில லிம்போமா அதோட சேந்து வரும், மருந்து முறையும் மாறும். காமாலை பி ஒளிஞ்சிருந்தா லிம்போமாவுக்குப் போடுற ரிட்டுக்சிமாப்ங்குற மருந்து அதைத் தட்டி எழுப்பிரும், அதனால முன்னாடியே பாத்தாகணும்.

சதை எடுக்குற அன்னைக்கு சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியது மூணு. ஒண்ணு, போதுமான அளவு எடுப்பீங்களா, ஊசில உறிஞ்சுறது பல நேரம் பத்தாது. ரெண்டு, ஒரு துண்டு சதை கெடாம வைக்கிற பார்மலின் தண்ணிலயும் ஒரு துண்டு பார்மலின் படாம ஃபிரெஷ்ஷாவும் லேபுக்குப் போகுமா, ஏன்னா ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு ஒரு டெஸ்ட் உயிரோட இருக்குற செல்லுல தான் செய்ய முடியும். மூணு, மெழுகுக்கட்டை எங்க இருக்கும், கேட்டா குடுப்பாங்களா. இந்த மூணாவதைப் பல பேர் விட்டுருவாங்க. சதைய மெழுகுல பதிச்சு ஒரு சின்னக் கட்டையா வைப்பாங்க, அதுல இருந்து தான் திரும்பத் திரும்ப சீவி எல்லா டெஸ்ட்டும் செய்வாங்க. சென்னைக்கோ பாங்காக்குக்கோ ரெண்டாவது கருத்து கேக்கணும்னா புள்ளையத் தூக்கிட்டு ஓட வேண்டியதில்ல, கட்டையும் ஸ்லைடும் போனா போதும். சூடு படாம பாத்துக்கோங்க, நம்ம ஊர் ஏப்ரல் வெயில்ல பஸ் ஜன்னலோரம் வைக்காதீங்க. சென்னை போறதுன்னா அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954லேருந்து இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேர் போயிட்டு வந்திருக்காங்க, பேச்சுப் பிரச்சினையும் இல்ல. ஆனா வேகமா வளர்ற வகைன்னு சந்தேகம் இருந்தா பாஸ்போர்ட் விசான்னு மூணு வாரம் காத்திருக்காதீங்க, இங்க ஆரம்பிச்சுட்டு அப்புறம் யோசிங்க.

ரிப்போர்ட் வந்தா என்ன பாக்கணும்? செல்லு மேல இருக்குற அடையாளத்துக்குப் பேரு போட்டிருப்பாங்க, சிடி20 இருந்தா பி செல் வகை (இது சிடி ஸ்கேன் இல்ல). டிடிடின்னு இன்னொரு அடையாளம் இருந்தா லிம்போபிளாஸ்டிக். கேஐ67ன்னு ஒரு சதவீதம் போட்டிருப்பாங்க, நூறு செல்லுல எத்தனை பெருகிக்கிட்டு இருக்குன்னு, புர்கிட்ல அது கிட்டத்தட்ட நூறு வரும். எங்க பயலுக்கு 98ன்னு பாத்துட்டு அக்கா, பரிட்சை மார்க்கா இருந்திருக்கக் கூடாதான்னு அழுதுக்கிட்டே சிரிச்சா. அப்புறம் எலும்பு மஜ்ஜை, முதுகுத்தண்டு நீர், வயிறு நெஞ்சு ஸ்கேன். கண்ணுல மட்டும் இருக்கா பரவியிருக்கான்னு பாக்கணும்ல. முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காமப் போயிரும்னு வார்டுல ஒரு பாட்டி எல்லாரையும் பயமுறுத்திக்கிட்டு இருந்துச்சு, அது பேச்சைக் கேக்காதீங்க.

சிகிச்சையப் பத்தி சொந்தக்காரங்க கேக்குற மொத கேள்வி, கண்ணை எடுத்துருவாங்களா. எடுக்க மாட்டாங்க. லிம்போமாவுக்கு அறுத்து எடுக்குறது வைத்தியமே இல்ல, கீமோ தான். கதிர் சிகிச்சை கூட பிள்ளைங்களுக்கு முடிஞ்ச வரை தவிர்ப்பாங்க, மொகத்து எலும்பு ஒரு பக்கம் வளராமப் போகும், கண்புரை வரும். புர்கிட் மாதிரி பி செல் வகைக்கு கொஞ்ச மாசம், ஆனா கடுமையா இருக்கும். லிம்போபிளாஸ்டிக்குக்கு ரத்தப் புத்து மாதிரி ரெண்டு வருசம் கிட்ட ஓடும். மெதுவா வளர்ற வகைன்னா அளவான சிகிச்சை, சில நேரம் கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க. நம்பிக்கை உண்டான்னா உண்டு. பரவுன பி செல் லிம்போமா பிள்ளைங்களை வச்சு நடந்து 2020ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கீமோவோட ரிட்டுக்சிமாப் சேத்தவங்கள்ல 3 வருசம் கழிச்சு நோய் திரும்பாம நல்லா இருந்தவங்க 94 சதவீதம், சேக்காதவங்கள்ல 82. வசதியான ஆஸ்பத்திரிங்கள்ல கெடச்ச கணக்கு அது, ஆனா ரிட்டுக்சிமாப் இல்லாமலே 82ங்குறதையும் கவனிங்க.

மொத வாரம் தான் கத்தி மேல நடக்குறது. கட்டி சடசடன்னு செத்து ஒடையும்போது அந்தக் குப்பை மொத்தமும் ரத்தத்துல கொட்டும், பொட்டாசியமும் யூரிக் ஆசிட்டும் ஏறும், கிட்னி தாங்கணும். அதுக்குத்தான் விடாம டிரிப் போடுறதும், யூரிக் ஆசிட்டைக் கொறைக்கிற அலோபியூரினால் குடுக்குறதும், ஒண்ணுக்குப் போறதை அளந்து எழுதச் சொல்றதும். அளக்குறதை அலட்சியமா விடாதீங்க, தூக்கத்துல பாய்ல போயிட்டா அதையும் சொல்லுங்க.

கண்ணு வெளிய தள்ளி இமை மூட முடியாம இருந்தா கருவிழி காஞ்சு புண்ணாயிரும். டாக்டர் குடுக்குற களிம்பை ராத்திரி தடவி இமைய மூடி டேப் ஒட்டணும், எப்படின்னு நர்ஸ்கிட்ட ஒரு தடவ கையால செஞ்சு காட்டச் சொல்லுங்க. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, கண்ணுகிட்ட தனக்கா, வேப்பிலைத் தண்ணி, எதுவும் வேண்டாம். திருஷ்டி சுத்திப் போடுறதை நான் தடுக்கல, கற்பூரப் புகை மட்டும் புள்ள மொகத்துகிட்ட வேண்டாம், விபூதிய நெத்தியோட நிறுத்துங்க.

வீட்டுக்கு விட்டப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, கை வச்சுப் பாக்குறது கணக்கு இல்ல. 38 டிகிரி செல்சியஸ் தொட்டா ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் குடுத்து காய்ச்சலை மறைச்சுட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது, கீமோ சமயத்துல வெள்ளையணு கொறஞ்சு கெடக்கும், கிருமி சில மணி நேரத்துல ஆளையே சாச்சுரும். கொதிக்க வச்ச தண்ணி, சூடா சமைச்ச சோறு. பச்சைக் காய் போட்ட தோக்குங்குற பர்மிய சாலட், ஊறவச்ச தேயிலை லபெத், ரோட்டோர ஐஸ் எல்லாம் கொஞ்ச மாசத்துக்கு மறந்துருங்க, வீட்ல வச்ச மொஹிங்கா மீன் நூடுல்ஸ் சூப்பைச் சுடச்சுட குடுக்கலாம், பயல் அதுலதான் உயிர் வாழ்ந்தான். வின்கிறிஸ்டின்ங்குற கீமோ மருந்து போட்டா மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், நடக்கும்போது பாதம் தொங்குதான்னு பாருங்க. வலி மாத்திரைய கடைல வாங்காதீங்க, மெத்தோட்ரெக்சேட்ங்குற கீமோ மருந்து ஓடுற சமயம் சில வலி மாத்திரை கிட்னியக் கெடுத்துரும். தெருவுல யாருக்காச்சும் அம்மை போட்டிருந்து புள்ள கூட வெளையாடிட்டான்னா அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லணும். தடுப்பூசி எதுவானாலும் கேட்டுட்டுப் போடுங்க. முடி கொட்டுனதுக்கு எங்க வீட்ல பெரிய அழுகை இல்ல, முனீஸ்வரருக்கு நேந்துக்கிட்டது எப்படியும் குடுக்க வேண்டியதுதானேன்னு அம்மா சொல்லிட்டாங்க.

எல்லாம் முடிஞ்சப்புறமும் கண்ணு டாக்டரை விட்டுறாதீங்க. இமை ரொம்ப நாள் கண்ணை மறைச்சிருந்தா அந்தக் கண்ணை மூளை மதிக்காமப் போயிரும், சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது. அதுக்கு நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் ஒட்டி மூடி வைக்கணும், சின்ன வயசுலேயே செஞ்சாத்தான் நல்லா பலிக்கும். எங்க பயலுக்கு ரெண்டு மணி நேரம் ஒட்டச் சொன்னாங்க, பிச்சுப் பிச்சு எறிஞ்சான், அப்புறம் போன்ல கார்ட்டூன் அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் தான்னு சட்டம் போட்டோம், இப்ப அவனே நாலு மணியானா பிளாஸ்டரை எடுத்துக்கிட்டு வந்து ஒட்டு சித்தின்னு நிக்கிறான்.